என் காலில் வலிக்காமல் இருந்த கண்ணாடிச் சில்லு

"கண்ணை மூடிக்கோங்கம்மா. கால்ல நான் தொடும்போதெல்லாம் 'ம்'னு சொல்லுங்க" என்றார் சிஸ்டர்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு கால்களையும் எதிரே இருந்த ஸ்டூலில் நீட்டியிருந்தேன். வெளியே டோக்கன் எண்ணைக் கூப்பிடுவது கேட்டது. ஒரு குழந்தை ஊசிக்குப் பயந்து அழுதுகொண்டிருந்தது. நான் காத்திருந்தேன். வெகுநேரமாகியும் ஒன்றும் நடக்கவில்லை. நடுவில் யாராவது வந்து அவரைக் கூப்பிட்டுவிட்டார்களோ என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன். "எப்போ தொடப் போறீங்க சிஸ்டர்?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "தொட்டு முடிச்சிட்டேம்மா. ரெண்டு கால்லயும்."

அன்பர்களே, அந்த நிமிடத்திலிருந்துதான் நான் சொல்ல வேண்டும். நம் சனிக்கிழமை பஜனையில் எழுந்து நின்று பேசச் சொன்னீர்கள். பேசினால் பாதியில் அழுதுவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன். யாராவது வாசியுங்கள்.

என் பெயர் வசந்தா. மாடம்பாக்கத்தில் குடியிருக்கிறேன். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. என் கணவர் தனசேகர் பல்லாவரத்தில் பிறந்து வளர்ந்தவர். லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். அவருக்குக் கோயில், குளம் என்று எதிலும் நாட்டமில்லை. என்னைக் கொண்டுவந்து விடுவார், செருப்பு விடும் இடத்திலேயே நிற்பார், நான் வெளியே வந்ததும் வண்டியைக் கிளப்புவார். அதற்காக என்னைக் கேலி செய்ததும் இல்லை.

எனக்குச் சர்க்கரை வந்து பத்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. மாதம் ஒருமுறை எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவேன். விரலில் குத்திப் பார்ப்பார்கள். மாத்திரை வாங்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடுவேன். சர்க்கரை நோயென்றால் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

சென்ற வைகாசியில் என் மகள் சுகன்யாவுக்கு ஏழாம் மாதம். திடீரென்று ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. முகமெல்லாம் வீங்கிவிட்டது. தாயா, குழந்தையா என்று கேட்கும் நிலைமை வரலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்தார்கள். என் உள்ளங்கை இரண்டையும் சேர்த்து வைத்தால் அதற்குள் அடங்கிவிடுவான் போலிருந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு கிடந்தான். அந்தப் பெட்டியின் முன்னால் நின்றுதான் நான் சிங்கப்பெருமாள் கோவில் நரசிம்மரிடம் வேண்டிக்கொண்டேன். "இவங்க ரெண்டு பேரையும் எனக்குக் கொடு. புரட்டாசி சனிக்கிழமை தாம்பரத்துல இருந்து உன் சந்நிதி வரைக்கும் செருப்பு இல்லாம நடந்து வரேன்."

கொடுத்தார். சுகன்யா மெல்லத் தேறினாள். பிள்ளையும் எடை கூடி வீடு வந்தான். பிரகலாத் என்று பெயர் வைத்தோம்.

ஆவணி பிறந்ததும் நான் நடைப் பழக்கத்தைத் தொடங்கினேன். காலையில் பால் வாங்கப் போகும்போதே செருப்பைக் கழற்றிவிட்டுப் போவேன். ஏரிக்கரை வரை நடந்து, சிவன் கோயிலைச் சுற்றிக்கொண்டு திரும்புவேன். எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். சரளைக்கல்லில் கூட நான் முகம் சுளிக்காமல் நடந்தேன். பெருமாள் என் பாதத்துக்குக் கீழே பூவை விரித்திருக்கிறார் என்றே நம்பினேன். ஒவ்வொரு நாளும் ஒரே பிரார்த்தனைதான். "எந்தத் தடையும் இல்லாம இந்த நடையை முடிச்சுக் கொடுப்பா."

புரட்டாசி முதல் சனிக்கிழமை நெருங்கிவிட்டது. அந்த வாரம்தான் மாத்திரை வாங்கப் போனேன். அன்றைக்கு அங்கே ஒரு புதிய ஏற்பாடு. நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கெல்லாம் கால், கண், சிறுநீர் மூன்றையும் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். எனக்குப் பள்ளியில் வேலை இருந்தது. அடுத்த மாதம் பார்க்கலாமே என்று நழுவப் பார்த்தேன். சிஸ்டர் விடவில்லை. கோவளம் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண் அவர். சிரித்துக்கொண்டே, "சனிக்கிழமை கோயில்ல எவ்ளோ நேரம் வேணா நிப்பீங்க, எனக்கு ஒரு பத்து நிமிசம் குடுங்கம்மா" என்றார். அவரிடம் ஒரு பிடியில் செருகிய மெல்லிய நைலான் இழை இருந்தது. தன் வீட்டில் தூண்டிலுக்குப் போடும் நரம்பு மாதிரிதான், பயப்படாதீர்கள் என்றார். அதை வைத்துத்தான் தொட்டார்.

தொட்டது எனக்குத் தெரியவில்லை.

பிறகு அதிரும் ஒரு இரும்புக் கவையைக் கட்டைவிரலில் வைத்தார். கையில் வைத்தபோது தேனீ பறப்பது போல உணர்ந்தேன். காலில் வெறும் இரும்பு. அதுவும் வைத்திருக்கிறார் என்று கண்ணால் பார்த்ததால்தான் தெரிந்தது. அப்போது கூட, வயதானால் தோல் தடித்துப் போகும்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

சிஸ்டர் பஞ்சால் என் வலது பாதத்தைத் துடைத்தார். கை நின்றது. "அம்மா, இங்க இன்னா கீது?" என்றார். அதுவரை ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தவர், பதற்றத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. கட்டைவிரலுக்குக் கீழே, தோல் தடித்த இடத்தில் கறுப்பாக ஒரு புள்ளி. அவர் அழுத்தினார். சீழ் வந்தது. எனக்கு வலிக்கவில்லை.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டார்கள். அவர் இடுக்கியால் ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்துத் தட்டில் போட்டார். பச்சை நிறம், அரிசி அளவு. எத்தனை நாளாக அது உள்ளே இருந்ததோ, எனக்குத் தெரியாது. அதன் மேல்தான் தினமும் ஏரிக்கரைக்குப் போய் வந்திருக்கிறேன். பெருமாள் விரித்த பூ என்று நினைத்தேனே, அது இதுதான்.

வெறுங்காலோடு எங்காவது நடந்தீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். வேண்டுதலைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "சர்க்கரையினால உங்க கால் நரம்பு உணர்ச்சி இழந்துடுச்சும்மா. சிவப்பு மேல பரவிட்டிருக்கு. இந்தக் காலோட சனிக்கிழமை நீங்க நடந்திருந்தா, கால் மிஞ்சியிருக்கும்னு என்னால சொல்ல முடியாது."

எலும்பு வரை சீழ் போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். போயிருந்தால் விரலை எடுக்க வேண்டி வரலாம். பெரிய அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். நான் கணவருக்கு போன் செய்தேன். பட்டறை உடுப்போடு வந்து என்னை வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப்போனார். 

மருத்துவமனை வராந்தாவில் எக்ஸ்ரே முடிவுக்காக உட்கார்ந்திருந்தபோது எனக்குள் வந்தது பக்தி இல்லை, கோபம். "தடையில்லாம நடத்திக் கொடுன்னு தானே கேட்டேன்? காசு கேட்டேனா, பங்களா கேட்டேனா? உன்கிட்ட வரதுக்கு ரெண்டு காலைத்தானே கேட்டேன்?" எதிரே ஒருவர் முழங்காலுக்குக் கீழே கட்டோடு சக்கர நாற்காலியில் இருந்தார். அவர் மனைவி குனிந்து, இல்லாத பாதத்தின் பக்கம் தொங்கிய வேட்டியை மடித்துச் செருகினாள். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். அதன் பிறகு கோபம் கூட இல்லை. பயம்தான். "நரசிம்மா, விரல் போனாலும் பரவாயில்லை, காலை விட்டு வை" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தேன். 

எலும்பு சுத்தமாக இருந்தது.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார். நானா வந்தேன்? மாத்திரை வாங்கிக்கொண்டு ஓடப் பார்த்தவள். பிடித்து உட்கார வைத்தார்கள். அந்த வராந்தாவிலேயே எனக்கு உறைத்தது. தடையை எடு என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். நரசிம்மர் தடையை அனுப்பித்தான் என்னைக் காப்பாற்றியிருக்கிறார்.

புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார்கள். சில வாரங்கள் இன்சுலின். காலை ஊன்றவே கூடாது என்றார்கள். கண்ணையும் படம் எடுத்தார்கள். உள்ளே ரத்தக் குழாய்களில் மாற்றம் தொடங்கியிருக்கிறது, பார்வைக்கு இப்போது ஆபத்தில்லை, விடாமல் பரிசோதனைக்கு வர வேண்டும் என்றார்கள். சிறுநீரிலும் கொஞ்சம் புரதம் இருந்தது. மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். இவை எதையும் நான் உணர்ந்ததே இல்லை. கண் நன்றாகத்தான் தெரிந்தது. கால் நன்றாகத்தான் நடந்தது.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

முதல் சனிக்கிழமை போயிற்று. இரண்டாவதும் போயிற்று. நான் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தேன். காலைக் காப்பாற்றியது பெருமாள்தான் என்று அறிவுக்குத் தெரிந்தது. ஆனாலும் சொன்ன சொல் மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. பிள்ளையைக் கொடுத்துவிட்டார், நான் நடக்கவில்லையே. அந்த நேரம் பார்த்துப் பிரகலாதுக்குக் காய்ச்சல் வந்தது. மூக்கடைப்பு, மூச்சில் கரகர சத்தம். குறைமாதத்தில் பிறந்தவன். சுகன்யா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் உலாத்தினாள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. என்னால்தான்.

கட்டுப் போட்ட காலோடு எழுந்து நின்றேன். கடைசிச் சனிக்கிழமை எப்படியும் நடந்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். மகளிடம் சொல்லவில்லை. கணவரிடம்தான் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, குழந்தையை டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று மகளோடு கிளம்பிவிட்டார். சாதாரணச் சளிதான், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதாக வந்து சொன்னார். இரண்டொரு நாளில் காய்ச்சல் விட்டது. ஆனால் என் மனசு விடவில்லை. சனிக்கிழமை நான் போவேன் என்றே இருந்தேன்.

சனிக்கிழமை விடிவதற்கு முன் எழுந்து பார்த்தால் அவர் குளித்து, வேட்டி கட்டித் தயாராக நிற்கிறார். வாசலில் அவருடைய செருப்பு கிடந்தது. அவர் அதைத் தாண்டி வெறுங்காலோடு தெருவில் நின்றார்.

"எங்கே?" என்று கேட்டேன்.

"நீ சுகன்யாவோட டிரெயின்ல வா. நான் நடந்து வந்துடறேன்" என்றார். எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்: "இந்த வூட்ல இருந்து ஒரு ஆள் நடந்து வரணும், அவ்ளோதானே உன் சாமிக்கு? நீயா நானான்னு அவரு ஒண்ணும் பேஜார் பண்ண மாட்டாரு."

நான் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் திரும்பிப் பார்க்காமல் தாம்பரத்தை நோக்கி நடந்தார்.

சிஸ்டரிடம் முதல் நாளே அவர் எல்லாம் கேட்டு வைத்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. என் புண் அப்போது கிட்டத்தட்ட ஆறியிருந்தது. மருத்துவமனையில் கொடுத்த மெத்தென்ற செருப்போடு கொஞ்ச தூரம் நடக்கலாம், கோயிலுக்குள் கனமான காலுறை போட்டுக்கொள்ள வேண்டும், கல் தரை சுடும் நேரத்தில் போகக் கூடாது என்று சிஸ்டர் சொல்லியனுப்பியிருந்தார். புதுக் காலுறை கூட வாங்கி வைத்திருந்தார் இவர்.

நாங்கள் மின்சார ரயிலில் போனோம். பிரகலாத் மடியில் தூங்கினான். வண்டலூர் தாண்டும்போது போன் வந்தது. "பெருங்களத்தூர்ல டீ குடிச்சிட்டு இருக்கேன்" என்றார். ஜன்னல் வழியாக ஜி.எஸ்.டி. சாலை தெரியும் இடத்தில் எல்லாம் நான் எட்டி எட்டிப் பார்த்தேன். மஞ்சள் துணி கட்டிய கூட்டம் கூட்டமாக ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். இவர் எங்களுக்குப் பின்னால் இருக்கிறார் என்று தெரிந்தும் பார்த்தேன்.

கோயிலில் நான் காலுறையோடு உள்ளே போனபோது யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று கூசினேன். யாரும் சொல்லவில்லை. மண்டபத்து நிழலில் காத்திருந்தோம். கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு போன். மறைமலை நகரில் ஒன்று. அதன் பிறகு போன் வரவில்லை. நடை சாத்தும் நேரம் நெருங்கியபோது, வாசலில் தெரிந்தார். கூட்டத்தில் விந்தி விந்தி வந்தார். செருப்பு விடும் இடத்தில் வழக்கம்போல் ஒரு கணம் நின்றார். விடுவதற்குச் செருப்பில்லை. அப்படியே உள்ளே வந்துவிட்டார்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு சந்நிதியில் நின்றது அன்றுதான். பாறையைக் குடைந்த அந்தக் குகைச் சந்நிதிக்குள் கூட்டம். வெக்கை. பட்டர் தீபத்தை உயர்த்தி, திருநாமத்தை விலக்கி, நரசிம்மர் நெற்றியில் இருக்கும் மூன்றாவது கண்ணைக் காட்டினார். நான் பேரனைத் தூக்கிக் காட்டினேன். திரும்பிப் பார்த்தால் என் கணவர் கை கூப்பியிருந்தார். என்ன வேண்டிக்கொண்டார் என்று இன்றுவரை கேட்கவில்லை.

வெளியே படியில் உட்கார வைத்து அவர் பாதத்தைப் பார்த்தேன். இரண்டிலும் கொப்புளம். ஒன்று உடைந்து சிவந்திருந்தது. என் பையில் இருந்த மருந்தைப் போட்டேன். துடித்துவிட்டார்.

"வலிக்குதா?" என்றேன்.

"உசிரு போவுது" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "உனக்கும் இப்படி வலிச்சிருக்கணும் வசந்தா. வலிச்சிருந்தா அன்னிக்கே செருப்பைப் போட்டுகினு இருப்ப. எனக்குச் சொல்லியிருப்ப."

அந்தப் படியில்தான் நான் அழுதேன். அதுவரை மருத்துவமனையில் கூட அழவில்லை. வலிக்கிறதே என்று எத்தனை நாள் எத்தனை தெய்வத்திடம் முறையிட்டிருக்கிறோம். வலி என்பது பெருமாள் நமக்குப் போட்டு வைத்த காவல் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. அது போன பிறகு, அதன் வேலையைச் செய்ய வேறு ஆட்களை அனுப்பியிருக்கிறார். கையில் ஒரு நைலான் இழையோடு சிஸ்டரை அனுப்பினார். சாமியே கும்பிடாத என் கணவரை அனுப்பினார்.

அடுத்த வாரம் கட்டுப் பிரிக்கப் போனபோது சிஸ்டர் இவரையும் பிடித்து உட்கார வைத்தார். எனக்கொன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டேதான் விரலை நீட்டினார். அவருக்கும் சர்க்கரை எல்லையைத் தொட்டிருந்தது. மாத்திரை தேவையில்லை, சாப்பாட்டில் கவனமாக இருந்து தினமும் நடந்தால் போதும் என்று டாக்டரம்மா சொன்னார். இப்போது காலையில் இருவரும் ஏரிக்கரைக்குப் போகிறோம். இரண்டு பேர் காலிலும் செருப்பு இருக்கிறது.

மாலையில் விளக்கேற்றியதும் நான் நாற்காலியில் உட்காருவேன். அவர் தரையில் உட்கார்ந்து என் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துப் பார்ப்பார். விரலிடுக்கு, குதிகால், நகத்தோரம் எல்லாம் பார்ப்பார். முதல் நாள் நான் காலை இழுத்துக்கொண்டேன். நோன்பு நாளில் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்ட பழக்கம்தான் எனக்கு. அவர் என் காலைத் தொடுவதா என்று கூச்சமாக இருந்தது. "சும்மா இரு, எனக்கு லேத்ல பழக்கம். மயிரிழை கீறல் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும்" என்றார். இப்போது இழுத்துக்கொள்வதில்லை.

அன்பர்களே, பிரார்த்தனை கைகூடும் என்பதற்கு நான் சாட்சி. ஆனால் நாம் கேட்ட வடிவத்திலேயே அது வரும் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு அது, வேலைக்கு நேரமாகிறது என்று நான் தட்டிக்கழிக்கப் பார்த்த ஒரு பரிசோதனையாக வந்தது. நம் கூட்டத்தில் எத்தனை பேருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பிரசாதம் வாங்கும்போது கையைப் பின்னால் இழுத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விரலில் குத்திப் பார்த்தது போதும் என்று இருந்துவிடாதீர்கள். காலைக் காட்டுங்கள். கண்ணைக் காட்டுங்கள். நன்றாக இருக்கும்போதே காட்டுங்கள்.

பெருமாளை நம்புங்கள், நம்பிவிட்டு சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். நான் கூட வருகிறேன். டோக்கன் கூப்பிடும் வரை அந்த பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவன் நாமத்தைச் சொல்லிக்கொண்டிருப்போம்.